சுவக்கீனின் நெஞ்சுக் குழி

காலை ஆறரை. ஏலப்பாறைக்குக் கீழே, ஓடைப் பாறைகளுக்கு நடுவில் பிணம் மல்லாந்து கிடந்தது. முகம் கல்லால் நசுங்கியிருந்தது. சட்டை, எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் சுவக்கீனுடையது. அதைத் திறந்தால் நெஞ்சு நடுவில் உள்ளே போயிருந்தது. எஸ்டேட்டில் அப்படிக் குழி விழுந்த நெஞ்சு உள்ளவன் சுவக்கீன் ஒருவன்தான்.

எட்டு மணிக்குள் நல்லதம்பிக்கு விலங்கு மாட்டியாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அவனும் சுவக்கீனும் சண்டையில் கட்டிப் புரண்டதை, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயமே பார்த்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ஈஸ்வரமூர்த்தி சமவெளியில் கொழிஞ்சாம்பாறைக்காரர். மலைக் குளிரும் பிடிக்கவில்லை, இவ்வளவு சுலபமாக முடிகிற கேஸும் பிடிக்கவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

நல்லதம்பியின் மனைவி சின்னத்தாய் மறித்தாள். "அடிச்சது நெசம்யா. அடிச்சுட்டு வந்து கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கிட்டாரு. ராவெல்லாம் சுவக்கீன் வீட்டுலதான் சத்தம். வட்டவடையிலேருந்து அவரு அண்ணன் வந்திருந்தாரு. அவரைக் கேளுங்க."

"தூங்குனவனெல்லாம் யோக்கியன்னு சட்டத்துல இல்லீங்க அம்மிணி."

உள்ளே பிணத்தைக் கிடத்தியிருந்த மேசையருகே சுவக்கீனின் மனைவி பிலோமி ஒப்பாரி வைத்தாள். "பாறையில மல்லாந்து, நெஞ்சுக் குழியில எண்ணெ நிறுத்தி, தொட்டுத் தொட்டுத் தேச்சுக் குளிக்கும் ராசாவே..."

ஈஸ்வரமூர்த்தியின் நடை நின்றது. உள்ளே போய், பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்டேட் டாக்டரைக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், இந்தக் குழி எல்லாருக்கும் ஒரே மாதிரிதானுங்களா?"

"எப்படி இருக்கும்? பிறவிக் கோளாறு. சிலருக்குக் கிண்ணம் மாதிரி ஆழமா இருக்கும். சிலருக்குத் தட்டு மாதிரி அகலமா. சிலருக்கு வாய்க்கால் மாதிரி ஒரு பக்கமாச் சரிஞ்சு நீளும்."

"செத்தா மாறுமா?"

"எலும்பு முறிஞ்சாத்தான் மாறும். இவனுக்கு ஒரு விலாவும் முறியலை."

"எண்ணெ கொண்டாங்க."

"பொணத்துக்கு எண்ணெக் குளியலா சார்?" என்று முனகிக்கொண்டே ஏட்டு ஏசுரத்தினம் கொண்டுவந்தார்.

ஊற்றிய எண்ணெய் சரிவில் ஓடி, வலது விலாவில் இறங்கி, மேசையில் வழிந்தது. நெஞ்சில் ஒரு கரண்டிகூட நிற்கவில்லை.

ஒப்பாரியும் நின்றது.

"உன் புருசனுக்குக் கிண்ணம். நீயேதான் பாடுனே. இது வாய்க்கால். குடும்பத்துல இன்னொருத்தருக்கும் வருமுங்களா டாக்டர்?"

"வரும். அண்ணன் தம்பிக்கே வடிவம் வேறா இருக்கலாம்."

"அப்ப செத்தது அண்ணன் சூசையப்பன். கொன்னது சுவக்கீன். தன் சட்டையை மாட்டி, மூஞ்சிய நசுக்கிட்டுப் போயிட்டான். நாம குழி இருக்குதான்னு பார்த்தோம், எந்தக் குழின்னு பாக்கல. அவன் எங்கே பிலோமி?"

"சொன்னா அவரைத் தூக்குல போடுவீங்க."

"சொல்லாட்டி நல்லதம்பியப் போடுவாங்க."

பிலோமி வாசலைப் பார்த்தாள். அவளோடு ஒரே வரிசையில் கொழுந்து கிள்ளும் சின்னத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லதம்பிகிட்ட அடி வாங்கிட்டு வந்தியேன்னு அவரு அண்ணன் சிரிச்சாரு," என்றாள் பிலோமி. "இவரு விறகுக்கட்டையை எடுத்துட்டாரு. மாட்டுப்பட்டியில எங்க சித்தப்பன் வீட்டுல இருக்காருய்யா."

ஏட்டு ஜீப்புக்கு ஓடினார். பிலோமி முந்தானையால் பிணத்தின் விலாவைத் துடைத்தாள்.

"மூத்தாரே," என்றாள். பிறகுதான் அழுதாள். அதில் பாட்டு எதுவும் இல்லை.