ஒரு பாகை வித்தியாசம்

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள்; மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"நாலு மணிக்கு விசாரணை அறிக்கையில கையெழுத்துப் போட்டுடுவாங்களாம்மா. போட்டுட்டா என் கொழுந்தன் சிறைக்குப் போயிடுவான். புருஷன் போய் ரெண்டு நாள்தான் ஆச்சு. வீட்ல மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

அண்ணி உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். போலி ஆவணங்களைக் கண்டறிவது அவளுடைய தொழில். அவற்றைப் படமெடுத்துத் தருவது அவளுடைய கொழுந்தனின் தொழில். அவனுக்குப் படக்காரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு அளக்கப்பட்ட பொறுமை முழுவதும் அண்ணியின் பங்குக்குப் போய்விட்டதால், படக்காரன் அவசரத்தை வைத்தே காலந்தள்ளி வந்தான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி.

வந்தவளின் கணவன் கப்பல்துறையில் முக்குளிப்பவன். துறையின் பெரிய கதவுக்கு அடியில் ஒரு மதகு உண்டு. அதன் கம்பி வலையில் சிக்கும் கட்டைகளை மூழ்கி எடுப்பது அவன் வேலை. கடல் முழுக்க வற்றி, ஏறுவதற்கு முன் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். அப்போது மட்டுமே இறங்குவான். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மேலே தம்பியின் கையில் இருக்கும். வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு இறங்கினான். பதினொன்று பத்துக்குக் கயிறு தம்பியின் கையைவிட்டுப் பறந்தது.

"தண்ணி இழுத்துச்சுன்னு அவன் சொல்றான். தண்ணி அசையவே இல்லன்னு காகிதம் சொல்லுது. அவங்க காகிதத்தைத்தான் நம்புறாங்க."

"எந்தக் காகிதம்?"

"கடல் ஏறி இறங்குறதை ஒரு மெஷின் கோடு போடுமாமே, அது."

"உங்க கொழுந்தன் கையைப் பார்த்தீங்களா?"

"உள்ளங்கையில தோலே இல்லம்மா."

அண்ணி எழுந்து குடையை எடுத்தாள். "அசட்டையா கயித்தை விட்டவன் கையில தோல் இருக்கும். தம்பி, கேமராவை எடு. நீங்களும் வாங்கம்மா."

கடல் மட்டத்தை அளக்கும் குடில், துறையின் பெரிய கதவை ஒட்டி, நீரின்மேல் நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. பட்டப்பகலிலும் உள்ளே விளக்கெரிய வேண்டியிருந்தது. தரைப் பலகைகளுக்குக் கீழே, யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் நீர் சுழன்றது. ஒரு குழாய்க்குள் மிதவை. மிதவையோடு இணைந்த பேனா. அதன் முன் மெதுவாகச் சுழலும் உருளை. உருளையில் நாளுக்கொரு தாள். தினமும் காலை ஆறு மணிக்கு மாற்றுவார்கள். படக்காரன் பலகை இடுக்கு வழியே கீழே பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. கறுத்த நீரின் அடியில் அந்தக் கம்பி வலை இருந்தது.

விசாரணை அதிகாரி அறிக்கையைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். குடிலின் சாவி மூவரிடம் மட்டுமே உண்டு, மூவரும் நின்றிருந்தார்கள். தினமும் தாள் மாற்றும் எழுத்தர், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இருமினார். காய்ச்சலால் வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அன்று அவருக்குப் பதிலாகத் தாள் மாற்றியவர் மதகைத் திறந்து மூடும் மதகுக்காரர். கனத்த மணிக்கட்டுகள் கொண்ட அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றாமவர் துறைப் பொறியாளர். சலவை மடிப்புக் கலையாத சட்டை.

"வியாழக்கிழமைத் தாள் வெள்ளி காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தப் பெட்டியிலதான் இருந்துச்சு. அப்புறம் நான் எடுத்துக்கிட்டேன்," என்றார் அதிகாரி.

"நடுவுல மதகைத் திறந்திருந்தா தாள்ல தெரியுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"கத்தியால வெட்டின மாதிரி ஒரு பள்ளம் விழும்," என்றார் எழுத்தர். "குழாய்த் தண்ணி சட்டுனு இறங்கிடுமில்லையா."

வியாழக்கிழமைத் தாளில் பள்ளம் இல்லை. ஊதா மைக் கோடு அழகாக இறங்கி, அழகாக ஏறியிருந்தது. அண்ணி கால்மணி நேரம் அதன்மேல் கவிழ்ந்திருந்தாள்.

படக்காரனால் பொறுக்க முடியவில்லை. "என்ன அண்ணி? போலியா?" என்று காதருகே கேட்டான்.

"மை அதே மை. தாள் அதே தாள். பேனா நடுக்கம்கூடச் சரியா இருக்கு. கோட்டை மட்டும் பார்த்துப் போலின்னு சொல்ல முடியாது."

"மதகுக்காரர்தான் அண்ணி! திறந்திருந்தா அவர்தான் திறந்திருக்கணும். தாளை மாத்தினதும் அவர்தான். மூஞ்சியைப் பாருங்க, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி."

"தேள் கொட்டியிருக்கு. திருடினாரான்னு பார்ப்போம். செவ்வாய், புதன், வெள்ளித் தாளையும் எடு."

நான்கு தாள்களையும் மேசைமேல் விளிம்போடு விளிம்பாக ஒட்டி வைத்தாள். செவ்வாயின் முடிவும் புதனின் தொடக்கமும் பொருந்தின. புதனும் வியாழனும் பொருந்தின. வியாழனின் கோடு முடிந்த இடத்துக்கும் வெள்ளியின் கோடு தொடங்கிய இடத்துக்கும் இடையே ஒன்றரைச் சாண் உயரத்துக்கான இடைவெளி இருந்தது.

"தாள் மாத்தும்போது பேனா நகர்ந்திருக்கும் மேடம். பழக்கமில்லாத கை," என்றார் பொறியாளர், மதகுக்காரரைப் பார்க்காமலே.

"இருக்கலாம்," என்றாள் அண்ணி. "அப்போ ஒரு சின்ன உதவி பண்ணுங்க. இந்த அலைக்குச் சமன்பாடு எழுதணும். உச்சம் அஞ்சு மீட்டர், அடி ஒரு மீட்டர். நடுக்கோடு மூணு, அதுக்கு மேலயும் கீழயும் ரெண்டு ரெண்டு. இதுவரைக்கும் எனக்கே தெரியுது."

"சரிதான்," என்று பொறியாளர் புன்னகைத்தார். "உச்சியில இருந்து நேரத்தை எண்ணினா கொசைன். நடுக்கோட்டுல இருந்து எண்ணினா சைன். அலை ஒண்ணுதான், நாம எங்க நின்னு பார்க்கிறோம்கிறதுதான் வேற."

"அழகாச் சொன்னீங்க. உச்சியில இருந்தே எண்ணுவோம்." அண்ணி தாள்களைச் சுருட்டி அதிகாரியிடம் கொடுத்தாள். "வியாழன் விடியக்காலை நாலு அம்பதுக்கு ஒரு உச்சம். வெள்ளி விடியக்காலை உச்சம் எப்போ வந்திருக்கும்? மூணு பேரும் தாளைப் பார்க்காம தனித்தனியா எழுதிக் கொடுங்க. பேனா நகர்ந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

மதகுக்காரருக்கு எழுதத் தெரியாது. படக்காரனின் காதில் சொன்னார்; படக்காரன் குறித்துக்கொண்டான். எழுத்தர் இருமியபடியே ஓர் எண்ணை எழுதினார். பொறியாளர் முழுச் சமன்பாட்டையும் எழுதி, அடியில் கோடிட்டுக் கொடுத்தார்.

அண்ணி அதை உரக்கப் படித்தாள்: "உயரம் சமம் மூன்று, கூட்டல் இரண்டு பெருக்கல் கொசைன் முப்பது நே. நே என்பது உச்சியிலிருந்து கழிந்த மணி. அடுத்த நாளும் நாலு அம்பது. முப்பது எப்படிங்க வந்தது?"

"ஒரு சுற்றுக்கு முந்நூற்று அறுபது பாகை. பன்னிரண்டு மணிக்கு ஒரு உச்சம். வகுத்தா முப்பது."

எழுத்தரின் இருமல் நின்றது. மதகுக்காரர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

அண்ணி மற்ற இரண்டு சீட்டுகளையும் மேசைமேல் வைத்தாள். எழுத்தருடையதில் 5.40 என்றிருந்தது. படக்காரன் தன் கையெழுத்தையே நம்பமுடியாமல் பார்த்தான். மதகுக்காரர் சொல்லி அவன் எழுதியிருந்தது, 'அஞ்சரைக்கு மேல, ஆறுக்குள்ள'.

"எப்படிச் சொன்னீங்க?" என்று அண்ணி மதகுக்காரரிடம் கேட்டாள்.

"கடல் நாளுக்கு முக்கா மணிக்கு மேல பிந்தும்மா. அது நம்ம கடிகாரத்தையா பார்க்குது, நிலாவைப் பார்க்குது. இது தெரியாம இங்க ஒரு மாசம் குப்பை கொட்ட முடியாது."

அண்ணி அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "செவ்வாய்த் தாள்ல உச்சத்துக்கு உச்சம் அளந்து பாருங்க. பன்னிரண்டு மணி இருபத்தஞ்சு நிமிஷம். புதன்லயும் அதே. முந்நூற்று அறுபதை அதால வகுத்தா, மணிக்கு இருபத்தொன்பது பாகை. வியாழக்கிழமை மட்டும் சரியா பன்னிரண்டு மணி, முப்பது பாகை. ஒரே ஒரு நாள் கடல் நிலாவை விட்டுட்டுக் கடிகாரம் பார்த்திருக்கு. மணிக்கு ஒரு பாகைதான் கூட. முதல் சில மணிநேரம் கண்ணுக்கே தெரியாது. இருபத்துநாலு மணிநேரம் சேர்ந்தப்போ ஒன்றரைச் சாண் ஆயிடுச்சு."

"பேனா..." என்றார் பொறியாளர்.

"பேனா நகர்ந்தா உயரம் மாறும். உச்சத்துக்கும் உச்சத்துக்கும் நடுவுல இருக்கிற நேரம் மாறாது. இந்தக் கோட்டை மெஷின் போடல. சமன்பாட்டை வச்சு ஒருத்தர் போட்டிருக்கார். இவங்க ரெண்டு பேரும் போட்டிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

"கதவோட பலத்துக்கு எப்பவும் பன்னிரண்டுன்னுதான் கணக்குப் போடுவோம். அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தால கதவுக்கு ஒண்ணும் ஆகாது." பொறியாளரின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. தாம் எதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது வாக்கியத்தின் நடுவில்தான் அவருக்கு விளங்கியது போலும்.

பலகைக்கு அடியில் நீர் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த முனகல் இப்போது காலடிக்கு மிக அருகில் கேட்டது.

"இவருதான் போன்ல சொன்னாரு," என்றார் மதகுக்காரர். அவர் குரல் யாருக்கும் பரிச்சயமில்லாத குரலாக இருந்தது. "கப்பல் உச்சிப்பொழுதுக்குள்ள போயாகணும், மதகைத் திறன்னாரு. கீழ இருந்த ஆள் ஏறியாச்சாங்கய்யான்னு கேட்டேன். ஏறியாச்சுன்னாரு. சக்கரத்தைச் சுத்தினேன். அந்தப் பக்கம் கத்துறது கேட்டு, திரும்ப மூடுறதுக்குள்ள..." அவர் விதவையைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "வாயைத் திறந்தா உன்னையும் சேர்த்துத் தூக்குவாங்கன்னாரு. பயந்துட்டேன்மா. புள்ளைகுட்டிக்காரன்."

"அசல் தாள் எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

பொறியாளர் சட்டையின் கைமடிப்பை நீவிவிட்டார். "எரிச்சுட்டேன்," என்றார். பிறகு, அது ஒரு சலுகையாகக் கருதப்படும் என்று எண்ணியவரைப்போல், "ஏறியிருப்பான்னுதான் நினைச்சேன்," என்றார்.

"நினைச்சீங்க. கேட்கல," என்றாள் அண்ணி.

அதிகாரி தட்டச்சு செய்த அறிக்கையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தொலைபேசியை எடுத்துக் காவல் நிலையத்தை அழைத்தார்.

"ஆமா, அந்தப் பையன்தான். விட்டுடுங்க. தப்பு அவன் மேல இல்ல. எழுத்துல பின்னாடியே அனுப்புறேன்."

வந்ததிலிருந்து சுவரோடு சுவராக நின்றிருந்தவள் ஓரடி முன்னால் வந்தாள். பொறியாளரை அவள் பார்க்கவே இல்லை. படக்காரன் கேமராவைக் கீழே இறக்கினான்.

"ஐயா, வச்சுடாதீங்க," என்றாள். "சாப்பிட்டானான்னு கேளுங்க."

அதிகாரி கேட்டார். மறுமுனையின் பதிலைக் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"யார் கொடுத்தாலும் வாங்க மாட்டேங்கிறானாம்."

"நான் வர்றேன்னு சொல்லுங்க," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் படியிறங்கி வேகமாக நடந்தாள்.