குரல்தின்னி

உள்ளறையில் தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்டது. சிமென்ட் தரையில் பித்தளை விழுந்து, குதித்து, உருண்டு அடங்குகிற சத்தம். பரசுராமன் இருட்டில் சும்மா பிடித்திருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கட்டைகள் இரண்டும் அங்கேதான் இருந்தன. மகள் போன நாளிலிருந்து அவற்றை அவன் பையை விட்டு எடுத்ததே இல்லை.

ஐப்பசி மழை மதியத்திலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஈரத்துக்குப் பட்டு இழை ஒட்டிக்கொள்ளும் என்று தெருவில் எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட்டார்கள். விடிந்தால் அடைந்தால் தடக் தடக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும் அந்தத் தெருவில் இப்போது ஓட்டுத் தண்ணீர் சொட்டுவதும், ஊறிய சுவரின் மண் வாடையும்தான் மிச்சம். பொழுது சாயும்போதே மின்சாரம் போய்விட்டது. மனைவி கிருஷ்ணவேணி மண்ணெண்ணெய் வாங்க சத்தார் பாய் கடைக்குப் போயிருந்தாள். உள்ளறைக் கதவு வெளியே நாதாங்கி போட்டபடி இருந்தது. அது மகள் தேவகி படுத்திருந்த அறை.

பரசுராமன் சேலைக்கு டிசைன் போடுகிறவன். கட்டம் போட்ட தாளில் மயிலும் யாளியும் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பான். பத்து வயது தேவகிக்கு இதயத்தில் கோளாறு. வாசலுக்கு வந்தாலே மூச்சு வாங்கும். கட்டிலோடு கிடந்தவளுக்காக அப்பனும் மகளுமாக ஒரு விளையாட்டை உண்டாக்கினார்கள். கட்டத்தாள்தான் நாடு. மிருகங்களை அவன் படைக்க வேண்டும், அவற்றோடு மோதுகிற ஆளை அவள் படைப்பாள். மோதல் வந்தால் கட்டை உருட்டுவார்கள். அவள் படைத்தவள் தாமல் ராணி. தாமல் ஏரியை ஒரே மூச்சில் நீந்திக் கடப்பாள், எந்த மதிலையும் ஏறுவாள், ஆனால் இருட்டென்றால் நடுங்குவாள்.

"பயத்தை எடுத்துடலாமேம்மா" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"எல்லாம் முடியும்னா அவ எதுக்குப்பா விளையாடணும்?"

நண்டுக் கை வைத்த யாளி, கிணற்றுக்குள் தலைகீழாக நடக்கும் ஆடு என்று அவன் வரைந்து தள்ளினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் எழுதாமல் அவள் விடமாட்டாள். கடைசி மிருகத்தை மட்டும் அவளே படைத்தாள்.

"இதை வரையாதப்பா, இதுக்கு உருவம் இல்ல. பேரு குரல்தின்னி. யாரை முழுங்குதோ அவங்க குரல்ல கூப்பிடும். பதில் சொன்னா உன் குரலையும் எடுத்துக்கும்."

"அப்பறம் எப்படி ஜெயிக்கிறது?"

"பேசாம இருக்கணும். பதில் வரலன்னா அது பட்டினியில செத்துடும்."

"பாவமா இருக்குதேம்மா."

"பாவம் பார்த்தா தோத்துடுவ."

அதை விளையாடிப் பார்க்க அவளுக்கு நாள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வாலாஜாபாத் தாண்டியதும் வண்டியிலேயே அவன் மடியில் அடங்கிப்போனாள்.

"அப்பா."

கதவுக்கு அந்தப் பக்கம். மிக அருகில்.

அவன் எழுந்து நின்றான். அது எது என்று அவனுக்குத் தெரியும். துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான்.

"அப்பா, இருட்டா இருக்குதுப்பா."

சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை கூடாது.

"அப்பா... இருக்கியா?"

குரல் மெலிந்தது. பசி. அவள் சொன்னபடியேதான். ஆனால் மெலிய மெலிய அந்தக் குரலில் வண்டிச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து வாங்கிய அந்த மூச்சு. வாலாஜாபாத் தாண்டிய அதே மூச்சு.

"மூச்சு... வாங்குதுப்பா..."

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். செத்துவிடும்.

தேவகி இன்னொரு தடவை சாவாள். அவன் காதுபட.

துண்டு நழுவி விழுந்தது.

"இருக்கேம்மா. அப்பா இருக்கேன்."

மூச்சிழுப்பு நின்றது. அவன் தொண்டைக்குள் எதுவோ மெல்ல, வலியில்லாமல், இழை உருவுவதுபோல் உருவிக்கொண்டு போனது. மறுபடி பேச வாயைத் திறந்தான். வெறும் காற்று.

வாசல் கதவு திறந்தது. நனைந்த முந்தானையோடு கிருஷ்ணவேணி. கையில் மண்ணெண்ணெய் பாட்டில்.

"இன்னாங்க, இருட்டுல நின்னுக்கினு?"

"அம்மா" என்றது உள்ளறை.

பாட்டில் விழுந்து உடைந்தது. அவன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். தலையை ஆட்டினான். கும்பிட்டான். அவள் அவன் கையைக் கடித்தாள். இத்தனை நாளாக ஒரு சொட்டுக்கூட அழாத அந்த முகம் இருட்டிலும் தெரிந்தது, அப்படியொரு சந்தோஷம்.

"விடுங்க! பாப்பா கூப்பிடுது. தோ வந்துட்டேன் கண்ணு!"

நாதாங்கியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

அவன் தோளால் மோதினான். முட்டினான். அறைந்தான். வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தமில்லை.

உள்ளே கட்டை உருண்டது. தேவகி கைதட்டிச் சிரித்தாள். கிருஷ்ணவேணியும் சிரித்தாள்.

"யாருங்க அது, கதவத் தட்டிக்கினு இருக்கிறது?"

"யாரோ தெருவுல போறவன்" என்று அவனுடைய குரல் உள்ளிருந்து சொன்னது. "நீ உருட்டு, வேணி."