திட்டில் நின்றவள்

1979 நவம்பர் பதினான்கு, புதன்கிழமை. சோழவந்தானைத் தாண்டி ஆற்றங்கரை நிறுத்தத்தில் நாங்கள் மூவரும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டே கால்.

நான், ஜவுளிக்கடை ஜலீல், இந்த யோசனைக்கே காரணமான விஸ்வேஸ்வரன். கல்லூரிக் காலத்திலிருந்து சிநேகிதர்கள். அணையில் தண்ணீர் திறந்து வைகை இரு கரையும் தொட்டு ஓடியது. வருகிற ஞாயிறு இங்கே பரிசல் ஏறி, ஆரப்பாளையம் வரை சும்மா மிதந்து போவதாகத் திட்டம். ஜலீல் வீட்டுப் பிரியாணி, விஸ்வத்தின் டிரான்சிஸ்டர், என் சீட்டுக்கட்டு. பரிசலைப் பேசி முடிக்க வந்திருந்தோம்.

பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. விளிம்பில் வேப்பங்கொத்து கட்டியிருந்தது. கொளுத்துகிற வெயிலிலும் அதைச் சுற்றி மணல் ஈரமாகவே இருந்தது. அழுகிய கோரைப்புல்லின் வாடை.

பரிசல்காரர் மொக்கையன் எழுந்திருக்கவில்லை. விஸ்வத்தை மட்டும் வெறித்துப் பார்த்தார்.

"பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் சார். பொணம் ஏத்துன பரிசலை அதுக்கு முன்னாடி தண்ணியில எறக்க மாட்டோம்."

"யாரு பொணம்?" என்றான் ஜலீல்.

"இவுக சொல்லலையா?"

விஸ்வம் சிகரெட் பற்றவைத்தான்.

மொக்கையன்தான் சொன்னார். போன ஞாயிறு விஸ்வமும் அவன் ஆபீஸ்காரர்களும் ஒத்திகையாக ஒரு சுற்றுப் போயிருக்கிறார்கள். நடு ஆற்றுத் திட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்த சோலையம்மாள், தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக் கையை உயர்த்திக் கூப்பிட்டிருக்கிறாள்.

"திருப்புறேன்னு சொன்னேன். மொதல்ல எங்களைக் கரையில விடு, ரயிலுக்கு நேரமாச்சுன்னாக இவுக. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே அவளுக்குக் கையாட்டுனாக. நானும் கேட்டுத் தொலைச்சேன். திரும்பிப் போனா திட்டே இல்ல. மறுநா இதே பரிசல்லதான் அவளை ஏத்தியாந்தேன்."

நான் கோபத்தோடு விஸ்வத்தின் பக்கம் திரும்பினேன்.

"தெரிஞ்சேதான் எங்களைக் கூட்டிட்டு வந்தியா?"

"தண்ணியை நானா மாப்ள தெறந்துவிட்டேன்?"

"பொணம் கெடந்த எடத்துல உக்காந்து நான் பிரியாணி திங்கணும். அப்படித்தானே?" என்றான் ஜலீல்.

"கழுவிட்டாப் போச்சு பாய். பதினாறு வரைக்கும் காத்திருந்தா ஆத்துல மணல்தான் இருக்கும்."

சொல்லிக்கொண்டே விஸ்வம் வேப்பங்கொத்தைப் பிய்த்து ஆற்றில் எறிந்தான்.

கொத்து ஓட்டத்தோடு போகவில்லை.

ஒரு கணம் நின்றது. பிறகு நீரை எதிர்த்து, நடு ஆற்றைப் பார்த்து மெல்ல நகர்ந்தது.

மொக்கையன் பரிசலைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் சாலைக்கு ஏறினோம்.

மதுரை பஸ் வந்தது. விஸ்வம் கை நீட்டினான். பஸ் நிற்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தபடி அவனுக்குக் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

அடுத்த பஸ்ஸிலும் அப்படியே.

"என்னடா இது," என்றான் விஸ்வம்.

ஜலீல் என் தோளைப் பிடித்து இருபதடி தள்ளிக் கூட்டிப் போனான். மூன்றாவது பஸ்ஸுக்கு நான் கை நீட்டினேன். உடனே நின்றது. ஏறிக்கொண்டோம். விஸ்வம் ஓடி வந்தான். படியைத் தொடுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

"சுப்பு, நிறுத்தச் சொல்லுடா," என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

மணிக்கயிறு என் தலைக்கு மேல் தொங்கியது. இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. ஒரு பெண்ணை அப்படி விட்டுவிட்டு, அடுத்த ஞாயிறுக்குப் பிரியாணி சொன்னவன். நிற்கட்டும்.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காய்ந்த தார்ச்சாலையில் அவனைச் சுற்றி மட்டும் தண்ணீர்.

கணுக்கால் வரை.

முழங்கால் வரை.

இரண்டு கைகளையும் தூக்கி அலறினான். சத்தம் கேட்கவில்லை. அவனைப் பார்த்து என் வலது கை ஆடிக்கொண்டிருந்தது. கோபத்தில் நானேதான் ஆட்டுகிறேன் என்று நினைத்தேன்.

கையை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை.

மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள், சில்லென்று, ஈரமாக, அதே அழுகிய கோரைப்புல் வாடையோடு.