விழாத தூசி

ஆயுதபூஜைக்கு மறுநாள் பிற்பகல், யாரும் தூவாத தூசி கலனுக்குள் மிதந்துகொண்டிருந்தது.

கஸ்தூரிக்கு உடனே உறைத்தது. மலேசியாவில், ஜொகூர் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷமாக இந்தக் கலனைக் கட்டி மேய்ப்பவள் அவள். காற்றை உறிஞ்சியெடுத்து, துளி வாயு விட்டு, மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே ஊதா வெளிச்சம் பரவும், அதுதான் பிளாஸ்மா. அதில் நுண்துகள்களைத் தூவினால் மின்னேறி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கீழே விழாமல் அந்தரத்தில் வரிசை கட்டி நிற்கும்.

நேற்று மாசாய் அம்மன் கோயில் திருநீற்றை முதலில் தன் ஏழு மாத வயிற்றில் பூசினாள். மிச்சத்தைத் திறந்திருந்த கலனின் மூடியில் இழுத்துவிட்டாள். இரண்டு கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அறிவியல் படித்தவள் செய்கிற காரியமா என்று அப்போது யோசிக்கத் தோன்றுமா? உள்விளிம்பில் ஒட்டியதுதான் இப்போது உதிர்ந்திருக்க வேண்டும்.

லேசருக்காகத் திரை இழுத்த அறையில் பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. பம்பு ஒரே சுருதியில் முனக, சூடேறிய எண்ணெய் வாடை மூக்கில் ஏற, பச்சை லேசர் ஒளியில் அந்தச் சாம்பல் துகள்கள் மெல்ல மெல்ல நடுவுக்கு ஊர்ந்து, ஒரு கைப்பிடி அளவு திரண்டு, சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கின.

துகள்கள் அதிர்வது புதிதல்ல. ஆனால் இந்த வேகத்தை அவள் கிளினிக்கில் கேட்டிருக்கிறாள். ஸ்கேன் எடுத்தபோது படபடவென்று ஓடிய அதே துடிப்பு.

கை தானாக வயிற்றுக்குப் போனது. பிள்ளை உதைத்தது. கலனுக்குள் அந்தத் திரள் துள்ளியது.

தற்செயலாக இருக்கும். இன்னொரு உதை. இன்னொரு துள்ளல்.

கஸ்தூரி கலனின் கண்ணாடிச் சன்னலோடு முகத்தை ஒட்டினாள்.

பக்கத்து அறையிலிருந்து, கட்டுப்பாட்டு மேசையில் இருந்த உதவியாளன் லெஸ்லி குரல் கொடுத்தான். "அக்கா, நம்ம ஸ்லாட் முடிஞ்சிருச்சி லா. ஓஃப் பண்றேன்."

மின்சாரம் நின்றால் துகள் விழும். எல்லாத் துகளும்.

"வேணாம் லெஸ்லி! கை வைக்காத!"

டப்.

ஊதா அணைந்தது. பச்சை ஒளி மட்டும் மிஞ்சியது. ஓரத்துத் தூசி பொலபொலவென்று கொட்டியது.

நடுவில் இருந்தது கொட்டவில்லை.

இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்தாள். "அம்மா இருக்கேண்டா... ஒரு தடவ அசைஞ்சிரு." காத்திருந்தாள். வயிற்றில் அசைவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது உதைத்தது.