லேபர் தனி, பார்ட்ஸ் தனி

“அவனைக் கூப்பிடுங்கன்னு நீ ஒரு நாளும் என் முன்னால வந்து நிக்கக் கூடாது, கோதை.”

“நிக்க மாட்டேன்.”

“இப்ப சொல்லுவே. ரெண்டு நாள் கழிச்சு கண்ணைக் கசக்கிக்கிட்டு வருவே.”

“வர மாட்டேங்க.”

“சத்தியம் பண்ணு.”

“அபி மேல சத்தியம்... போதுமா?”

ஐந்து வருடத்துக்கு முந்தைய பேச்சு. ஆனாலும் பூங்கோதைக்கு அதில் ஒரு சொல் மறக்கவில்லை. அப்போது வங்காளத்தில் அவர்கள் குடியிருக்கும் பெஹாலா வீட்டின் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு வண்டிச் சாவி கிடந்தது. அதை வைத்துவிட்டு அவர்களுடைய ஒரே மகன் அபினவ் பத்து நிமிடம் முன்புதான் படியிறங்கிப் போயிருந்தான். “வண்டி வேணுமா, வீடு வேணுமா?” என்று அப்பா கேட்டதற்கு இரண்டையும் விட்டுவிட்டுப் போனான். “நானா கூப்பிடாம இந்த வாசப்படி மிதிக்காதே” என்று அவள் கணவர் உத்தமன் சொன்னது மாடிப்படி முழுக்கக் கேட்டது.

எல்லாம் அந்த இத்தாலி மோட்டார் சைக்கிளால் வந்தது. கடன் கொடுக்கும் கம்பெனிக்கு நிரந்தர வேலையில் இருப்பவர் பெயர் வேண்டுமாம், சாதாரண வண்டிதாம்ப்பா என்று சொல்லித்தான் அபி காகிதத்தை நீட்டினான். துறைமுக அலுவலகத்தில் எந்தக் கோப்பையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாத உத்தமன், மகன் நீட்டிய காகிதத்தை மட்டும் படிக்கவில்லை. மாதம் பத்தொன்பதாயிரம் ரூபாய் தவணை, அறுபது மாதம். முதல் தவணை சம்பளத்தில் பிடித்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

மறு வாரம் அவர் வந்து சொன்னார். “ஜாதவ்பூர்ல தேபு ஒர்க்‌ஷாப்ல கொண்டு தள்ளிட்டேன். துருப்பிடிச்சுக் கிடக்கட்டும்.”

அபி புனேயில் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்வான். “அப்பா எப்படி இருக்காங்க?” என்பான். அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டான். அவளும் சொல்ல மாட்டாள்.

இன்று காலை விஸ்வகர்மா பூஜை, இந்த ஊரின் ஆயுத பூஜை; பட்டம் விடும் நாளும் அதுதான். ஜன்னலுக்கு வெளியே ஏழு மணிக்கே வானமெல்லாம் பட்டம். பூங்கோதை இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது உத்தமன் சமையலறை வாசலில் வந்து ஒரு மடித்த காகிதத்தை நீட்டினார்.

“கரண்ட் பில். இன்னைக்கே கட்டிடு. நான் ஆபீஸ் பூஜைக்குப் போறேன், வர மதியமாகும்.”

நல்ல சட்டை போட்டிருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பில் வழக்கம் போல நூல் சுற்றியிருந்தது. இரண்டு வருடமாக மாற்றச் சொல்கிறாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார்.

அவர் செருப்பு மாட்டுவதற்குள் தமிழரசி குரல் கூடத்திலிருந்து வந்தது. உத்தமனின் தங்கை. கணவர் போன பிறகு மூன்று வருடமாகத் தூத்துக்குடியை விட்டு இங்கேதான் இருக்கிறாள்.

“அண்ணன், போறதுக்கு முன்னால ஒண்ணு கேளு. மதினி கையில கிடக்கிற வளையலைப் பாரு.”

பூங்கோதை தன்னையறியாமல் முந்தானையால் கையை மூடினாள்.

“நேத்து பாத்திரம் விளக்குறப்போ பார்த்தேன். புளி பட்ட இடத்துல சாயம் போயி செம்பு தெரியுது. கவரிங். அம்மா போட்ட நாலு பவுனு எங்க மதினி?”

“பெட்டியில இருக்கு.”

“எந்தப் பெட்டியில? அடகுக் கடைப் பெட்டியிலயா? தோசை மாவு வித்த காசு எங்க போவுதுன்னும் தெரியல. இந்தத் தெருவுல இருக்கிற வங்காளி பௌதிங்க எல்லாம் நம்ம வீட்டு மாவைத்தான் வாங்குறாங்க. மாசம் எண்ணூறு வருமா? ஒரு பைசா வீட்டுல தெரியல. கேட்டா வாயைத் திறக்கிறதில்ல.” தமிழரசி குரலைத் தாழ்த்தினாள். “புனேக்குத்தானே போவுது?”

உத்தமன் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஐந்து வருடமாக அந்த ஊர்ப் பெயரை இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

“அப்படியா கோதை?”

“இல்லைங்க.”

“பின்னே எங்க?”

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சொல்ல வாயெடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். ஓங்கி அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன் மதினி” என்றாள் தமிழரசி.

“தெரியும் தமிழு. தட்டை எடுத்து வை.”

சமையலறையில் தனியாக நின்று காகிதத்தைப் பிரித்தாள். அது கரண்ட் பில் இல்லை.

அச்சடித்த பில். மேலே மும்பையில் உதிரிபாகம் விற்கும் ஏதோ ஒரு கடையின் பெயர். வாடிக்கையாளர் பெயர், உத்தமன். டைமிங் பெல்ட் இரண்டு. வால்வுக்கான சின்னச் சின்ன சாமான்கள். ஆயில், ஃபில்டர், பேட்டரி, பிரேக் ஆயில். கடைசி வரியில் நாற்பத்தேழாயிரத்து இருநூறு ரூபாய்.

பூங்கோதை அடுப்பை அணைத்தாள்.

துருப்பிடித்துக் கிடக்கட்டும் என்ற மனிதர் எதற்கு அரை லட்சம் செலவழிக்கிறார்? அவள் மனம் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தது. போன மாதத்தோடு தவணை முடிந்துவிட்டது. கடன் தீர்ந்த காகிதம் தபாலில் வந்ததும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வண்டி அவர் பெயரில் இருக்கிறது. முந்தாநாள் பால்கனியில் நின்று யாரிடமோ வங்காள மொழியில் பேசினார். “பூஜைக்குள்ள ரெடியாகணும், அதுக்கு மேல தள்ளாதே” என்றார். இவள் துணி காயப்போட வந்ததும் போனை வைத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் ஆபீஸ் என்று கிளம்புகிறார். எந்தத் துறைமுக அலுவலகம் சனிக்கிழமை இரவு ஏழு மணி வரை குமாஸ்தாவை உட்கார வைக்கிறது?

விற்கப் போகிறார். நல்ல விலைக்குப் போகவேண்டும் என்று எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, நல்ல நாள் பார்த்து விற்கப் போகிறார். அபி திரும்பி வந்து சாவியைக் கேட்டால் எதைக் காட்டுவது?

அவள் வண்டியை ஒரு முறைகூட ஓட்டிப் பார்த்தவளில்லை. பின்னால்கூட உட்கார்ந்ததில்லை. ஆனால் வண்டி இருக்கிற வரைக்கும் மகன் வருவான் என்று எப்படியோ நம்பிவிட்டாள். அதனால்தான் அபி போன மறு மாதமே, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, சௌராஸ்தாவில் ஆட்டோ பிடித்து, டாலிகஞ்சில் மாறி, ஜாதவ்பூர் சந்துக்குள் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போனாள். தேபு அபியின் சிநேகிதன். முழங்கை வரை கிரீஸ்.

“யாரும் ஓட்டாத வண்டிக்கு என்னப்பா செலவு?” என்று கேட்டாள்.

“ஓட்டாத வண்டிக்குத்தான் செலவு, மாஷிமா” என்றான், சித்தியைக் கூப்பிடுகிற வங்காளிச் சொல்லில். பேட்டரி செத்துப்போகும். ஆயில் கெட்டுப்போகும். இந்த எஞ்சினுக்குள் இரண்டு ரப்பர் பெல்ட் இருக்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருடத்தில் மாற்றியே ஆகவேண்டும். மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணி அது அறுந்தால் எஞ்சினே போச்சு.

“எவ்வளவு ஆகும்?”

அவன் தலையைச் சொறிந்தான். வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆகும் என்றான். “மேஷோவுக்கு, அபி அப்பாவுக்குத் தெரியக் கூடாது” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு மாதிரி விழித்துவிட்டு, சரி என்றான்.

அன்றிலிருந்து மாவு அரைத்தாள். இந்த வருடம் எஞ்சினைப் பிரிக்கவேண்டும், கூலி பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்று தேபு சொன்னதும் வளையலைக் கழற்றி அடகு வைத்தாள். அவன் தந்த துண்டு ரசீதுகள் ஐந்தும் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தன.

இப்போது அவற்றை எடுத்துக் கைப்பையில் போட்டாள். பூஜைக்கு வாங்கி வைத்திருந்த தேங்காயையும் எடுத்துக்கொண்டாள்.

“எங்க மதினி கிளம்பிட்டீங்க?” என்றாள் தமிழரசி.

“கரண்ட் பில் கட்ட.”

ஜாதவ்பூர் சந்து முழுக்க ஒலிபெருக்கிச் சத்தம். ஒர்க்‌ஷாப்பில் யானை மேல் உட்கார்ந்த விஸ்வகர்மா, ஊதுவத்தி, தட்டில் பொரி. வரிசையாக நின்ற வண்டிகளுக்கெல்லாம் சாமந்தி மாலை. கடைசியில் அந்தச் சிவப்பு வண்டி, நேற்று வாங்கியது போல நின்றது.

அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உத்தமன் உட்கார்ந்திருந்தார். கையில் சாவி. மற்ற கையில் கைக்குட்டை. டேங்கின் மேல் விழுந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆபீஸ் பூஜை இங்கயா நடக்குது?” என்றாள் பூங்கோதை.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஸ்டூல் சாய்ந்தது.

“நீ... நீ எதுக்கு இங்க வந்தே?”

“விலை பேசியாச்சா? எத்தனைக்கு முடிச்சீங்க?”

“என்ன விலை?”

“காலையில கொடுத்தீங்களே கரண்ட் பில்.” காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அஞ்சு வருஷம் ஒரு வார்த்தை கேட்டேனா? நீங்க கேக்கக் கூடாதுன்னீங்க, கேக்கல. அவன் இல்லாம அஞ்சு பொங்கல் பொங்கினேன். அவன் தட்டைக் கழுவிக் கழுவி வெச்சேன். மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்... இதையும் யாருக்கோ கொடுத்துட்டீங்கன்னா, நாளைக்கு அவன் வந்தா நான் எதைக் காட்டுவேன்?”

உத்தமன் காகிதத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். நூல் சுற்றிய கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“மாத்திக் கொடுத்துட்டேன்...” என்றார். பிறகு அவர் குரலும் ஏறியது. “சரி, நான் வந்தது இருக்கட்டும். இந்தக் கடை உனக்கு எப்படித் தெரியும்? தமிழு சொன்னது சரிதானா? வளையலை வித்து அவனுக்கு அனுப்புறியா? அவன்தான் உன்னை இங்க அனுப்பினானா?”

“போதும்” என்றது ஒரு குரல்.

தேபு. பூஜைக்காக வெள்ளைப் பைஜாமா குர்தாவில் இருந்தான். இருவரையும் ஒரு முறை பார்த்தான். உள்ளே போய், கணக்கும் பில்களும் கோத்த ஒரு பழைய ஃபைலை எடுத்துவந்து வண்டியின் சீட் மேல் விரித்தான்.

“மேஷோ முதல்ல வந்தார். வீட்டுல சொல்லாதேன்னார். அடுத்த வாரம் மாஷிமா வந்தீங்க. மேஷோகிட்ட சொல்லாதேன்னீங்க. நான் யார்கிட்ட பொய் சொல்றது? ரெண்டு பேர்கிட்டயும் முழுசா வாங்கினா அது திருட்டு. ஒருத்தரை வேணாம்னு சொன்னா, ஏன்னு கேப்பீங்க. அதனால பிரிச்சுட்டேன்.” அவன் விரலால் காட்டினான். “லேபர் மாஷிமாவுக்கு. பார்ட்ஸ் மேஷோவுக்கு. அஞ்சு வருஷமா இப்படித்தான். இத்தாலி வண்டி சர்வீஸ் எட்டாயிரத்துல முடியும்னு மாஷிமா நம்பினீங்க. கூலியே வாங்காத மெக்கானிக் நான்னு மேஷோ நம்பினார். தூக்கம் போனது எனக்கு.”

பூங்கோதை கைப்பையைத் திறந்து தன்னுடைய ஐந்து ரசீதுகளையும் சீட் மேல் வைத்தாள். உத்தமன் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அவருடைய பில்களின் தேதிக்குப் பக்கத்திலேயே அவளுடைய தேதியும் இருந்தது. கடைசி ரசீதில் வந்து நின்றார். பதினெட்டாயிரத்து ஐந்நூறு.

அவர் அவள் கையை எடுத்தார். சந்தில் அத்தனை பேர் பார்க்க, வளையலை மெல்லத் திருப்பினார். செம்பு தெரிந்தது.

“இதுக்கா?”

அவள் தலையாட்டினாள்.

“நான் வேற என்னவோ நினைச்சுட்டேன் கோதை. வாசல்ல நின்னு உன்னைச் சந்தேகமாப் பார்த்தேன்...”

“நானும்தான் நினைச்சேன். சனிக்கிழமை எங்க போறீங்க?”

“கிதர்பூர்ல ஒரு கப்பல் ஏஜெண்ட்கிட்ட. சரக்குக் கணக்கு எழுதுறேன். ஒரு நாளைக்கு எழுநூறு ரூபா.” குற்றவாளி போலச் சொன்னார். “இதை விக்கலாம்னுதான் முதல் தடவை வந்தேன். இதோ இந்த டேங்க் மேல அவன் முழங்கால் பட்ட தடம் அப்படியே இருந்துச்சு. பார்த்தேன். விக்க முடியல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நூல் அவிழ்ந்து தொங்கியது. பூங்கோதை அதை வாங்கித் தன் முந்தானையால் துடைத்தாள். அவள் கண்ணீரும் அதில்தான் விழுந்தது. மறுபடி துடைத்தாள்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. தமிழரசியின் குரல் வெளியே வரை கேட்டது. “அண்ணன், மதினி எங்கயோ கிளம்பிப் போயிட்டா. கரண்ட் பில் மேஜை மேலயே கிடக்கு. என்னமோ சரியில்ல அண்ணன்.”

“என்கூடத்தான் இருக்கா” என்றார் உத்தமன். “சோறு வெச்சுடு, வர்றோம். தமிழு... வளையலைப் பத்தி இனிமே அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காதே. கேக்கணும்னா என்கிட்ட கேளு.”

தேபு பொரித் தட்டை நீட்டினான். சாவிக்காகக் கையையும் நீட்டினான். வண்டி ஒரே அமுக்கில் கிளம்பியது. சந்து முழுக்க அந்த உறுமல். ஊதுவத்திப் புகை நடுங்கியது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்தான்.

“எல்லாம் சரியா இருக்கு” என்றான். “ஆனா மேஷோ, மாஷிமா, நான் ஒண்ணு சொல்லணும். இந்தத் தடவை மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து அறுபத்தஞ்சாயிரத்து எழுநூறு ரூபா போட்டிருக்கீங்க. இதுக்கு மேலயும் ஓட்டாம நிறுத்தினா அடுத்த அஞ்சு வருஷத்துல மறுபடி இதே பெல்ட், இதே செலவு. அப்ப மேஷோ ரிட்டயர் ஆகியிருப்பார். இதை யார் ஓட்டப் போறாங்க?”

உத்தமன் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசைந்தது. எந்த வார்த்தையும் வரவில்லை. ஐந்து வருடமாக அந்த வார்த்தை அவருக்குள்ளேயே இருக்கிறது, யாராவது கேட்டால்தான் வெளியே வரும், அந்த யாராவதின் வாயை அவரே சத்தியம் வாங்கி அடைத்துவிட்டார் என்பது பூங்கோதைக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது.

அவள் தேங்காயை வண்டியின் முன்சக்கரத்தின் அடியில் வைத்தாள். நிமிர்ந்தாள்.

“என்னங்க.”

“ம்.”

“அபி மேல சத்தியம் பண்ணியிருக்கேன். இத்தனை வருஷம் அவனுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். இப்ப மீறப் போறேன். அதுக்கு என்ன வந்தாலும் எனக்கே வரட்டும், அவனுக்கு வேணாம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். தடுக்கவில்லை.

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அதை அவர் கையில், சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அவனைக் கூப்பிடுங்க.”