கம்பளத்துக்கு அடியில்

“அடியில ரோம விரிப்பு இல்லாம, பளபளன்னு இருக்கற சிமிட்டித் தரைல வெறும் கம்பளத்த போட்டா வழுக்காதா? என்ன சறுக்கி வுட்டுட்டு இன்னொருத்திய கட்டிக்கலாம்னு பாக்கறீங்களா?”

“உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா ஃபக்ரு? அடுத்த வாரம் வாங்கினு வர்றேன்.”

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மலை வீட்டுக் கூடத்தில் பேசியது. ஃபக்ருன்னிசா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மறுநாள் விடியலில், அவள் எழுவதற்குள், அவள் கணவன் கலீலுல்லா கம்பளத்தைச் சுருட்டிவிட்டுப் பின்வாசல் வரை தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தான். மறுபடி விரித்து வைத்தான். வழுக்கி விழுந்து, பின்வாசல் கல்படியில் தலை அடிபட்டுக் கிடந்தவள், அவனைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அவன் குனியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போளூருக்குப் போய்விட்டான். சாயங்காலம் திரும்பி வந்துதான் அழுதான்.

நாளைக்குப் புது மனைவி ஜாஹிதா வருகிறாள். அவளுக்காகப் புதுக் கம்பளம். இந்தத் தடவை அடியில் விரலளவு தடிமனில் ஆட்டு ரோம விரிப்பு. பக்கத்து நிலத்து அர்ச்சுனன்தான் வந்து ஒரு கை பிடித்தான்.

“இன்னா மொதலாளி, மலைல மனுசனுக்கே மெத்த கெடையாது, நீங்க தரைக்குப் போடறீங்க.”

“குளிரு ஏறாது. காலும் வழுக்காது.”

“அது சரி. அந்தம்மாவுக்கும் போட்டிருக்கலாம்” என்றான் அர்ச்சுனன், கலீலுல்லாவின் முகத்தைப் பாராமல்.

அர்ச்சுனன் கிளம்பி நடந்துபோன தடங்கள் கம்பளத்தில் பள்ளமாக விழுந்து, ரொட்டி மாவைப் போல மெல்ல எழும்பிச் சமமாயின. பின்வாசல் அருகே மட்டும் இரண்டு பள்ளங்கள் எழும்பவில்லை.

மத்தியானம்தான். ஆனால் சன்னலுக்கு வெளியே புளியமரங்களை மூடிக்கொண்டு மேகம் இறங்கியிருந்தது. ஈரத்தில் நனைந்த ரோமத்தின் ஆட்டு வாடை கூடம் முழுவதும் பரவி, அதன் நடுவே எங்கிருந்தோ தேங்காய் எண்ணெயின் மணம் ஒரு நூல் போல வந்து அவன் மூக்கைத் தொட்டது. எழும்பாத அந்த இரண்டு பள்ளங்களும் குறுகலான, சின்னப் பாதங்கள். இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. அன்று சாயங்காலம் ஃபக்ருவின் உடலைத் தூக்கியபோது அந்தக் கணுக்கால் அப்படித்தான் தொங்கியது.

வலது பள்ளம் எழும்பியது. ஒரு முழம் முன்னால் இன்னொன்று அமுங்கியது.

வெறும் தரையாக இருந்திருந்தால் கொலுசுச் சத்தமாவது கேட்டிருக்கும். ரோம விரிப்பு எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டது. அமுங்கியது. எழும்பியது. அமுங்கியது.

அவன் முன்வாசலை நோக்கித் திரும்பினான். திரும்பிப் பார்த்தான். இப்போது ஐந்து அடி தூரத்தில்.

மூன்று.

கால் ஓடவில்லை. கம்பளமும் சறுக்கவில்லை. நன்றாகப் பிடித்து நின்றது.

கடைசிப் பள்ளம் அவன் குதிகாலை ஒட்டி அமுங்கியது. அப்புறம் எழும்பியது. முன்னால் புதிதாக எதுவும் விழவில்லை. கூடத்தில் எங்குமே தடம் இல்லை.

அவன் காலடியில் மட்டும் கம்பளம் இறங்கியது. மெல்ல. ஒருவன் பாரத்துக்கு இறங்கும் அளவையும் தாண்டி. பாதம் புதைந்தது. கணுக்கால் வரை. கழுத்தைச் சுற்றி ஈரமான இரண்டு கைகள்.

காதோரம் மூச்சே இல்லாத வாய் திறந்தது.

“என்ன வூட்டுக்குள்ள தூக்கினு போங்க.”