சொல்துணை எட்டாத பள்ளம்

பாலைக் கோளில், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வது அநாகரிகம். கேட்டவரின் முகத்தைப் பார்த்தபடி அரை நொடி காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில், காதுமடலுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் நெல்மணி அளவுக் கருவி குடியிருப்பின் நடுமூளையான பெருங்கணினியைத் தொடர்புகொள்ளும். எதிரில் நிற்கும் ஆளுக்கு அந்த நேரத்தில் சொல்லத் தகுந்தது எது என்று கேட்டு வந்து காதுக்குள் சொல்லும். அதைத் திருப்பிச் சொன்னால் போதும். அதன் பெயர் சொல்துணை.

முதலில் வந்து குடியேறியவர்களிடம் அது இல்லை. மூடிய கூரைகளுக்குள் வருடக்கணக்கில் அடைந்து கிடந்த அவர்கள், பொறுக்க முடியாத ஒரு சொல்லுக்காக ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு செத்தார்கள். சொல்துணை வந்த பிறகு கோளில் யாரும் யாரையும் திட்டியதில்லை. குழந்தைக்குப் பேச்சு வரத் தொடங்கியதும் அதைப் பொருத்திவிடுவார்கள்.

நப்பின்னையின் மகள் குயிலி அந்த வயது வரை இருக்கவில்லை. பத்தாம் மாதத்தில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அன்று நப்பின்னை சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதபோது, கணவன் வழுதி அவள் கையைப் பிடித்து, “அவளப் பத்தி நாம பேசற வரைக்கும் அவ இங்கதான் இருப்பா” என்றான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிழைத்தாள். ஆனால் அதன் பிறகு அவன் குழந்தையைப் பற்றிப் பேசவே இல்லை. மெல்ல மெல்ல அவளுக்குள் ஒரு சந்தேகம் வளர்ந்தது. அது அவன் சொன்னதா, சொல்துணை சொன்னதா?

இதை வீட்டில் கேட்க முடியாது. கேட்டால் பதிலையும் சொல்துணையே தரும். அதனால்தான் அவள் செம்பிளவுக்குப் போகலாம் என்றாள். கோளின் மிக ஆழமான பள்ளத்தாக்கு அது. இரும்பு மிகுந்த அதன் சுவர்கள் எல்லாத் தொடர்பு அலைகளையும் விழுங்கிவிடும். மேல் விளிம்பிலிருந்து இறங்கி, மறுமுனையில் அது சமவெளியாகத் திறக்கும் இடத்துக்குப் போய்ச் சேர ஒரு முழுப் பகல் நடக்க வேண்டும். அங்கே வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். பாறை பார்க்கப் போகிறோம் என்றே வழுதி நினைத்திருந்தான்.

இருள் பிரியும்போது இறங்கத் தொடங்கினார்கள்.

“களைப்பா இருந்தா சொல்லுங்க, உட்காரலாம்” என்றான் வழுதி.

அரை நொடி கழித்து, “நீங்க கூட இருக்கும்போது எனக்கென்ன களைப்பு?” என்றாள் அவள்.

சூரியன் ஏறியது. கீழே போகப் போகக் காற்று கனத்தது, கொதித்தது. சிவந்த சுவர்கள் இரண்டு பக்கமும் உயர்ந்து வானத்தை ஒரு கீற்றாக்கின. வழுதி ஏதோ சொல்லத் திரும்பினான். “இந்தப் பாறையோட நிறம் உங்க...” என்று ஆரம்பித்து, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான். காதுக்குள் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தான்.

“கால் வலிக்குது” என்றான் கடைசியில்.

அதற்குப் பிறகு நெடுநேரம் இருவரும் பேசவில்லை. சரளைக்கற்கள் காலடியில் சரியும் ஓசை மட்டும் கேட்டது. அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் பொய் இல்லை.

உச்சிவெயில் பள்ளத்துக்குள் நேராக இறங்கியபோது அவன் தொப்பியைக் கழற்றினான்.

“போடுய்யா அத. மண்ட வெடிச்சு இங்கயே கெடப்ப. நான் தூக்கிட்டுப் போகமாட்டேன்.”

“நீ மொதல்ல குடிக்கிற தண்ணியில மூஞ்சி கழுவுறத நிறுத்து. பெரிய மகாராணி!”

இருவரும் திகைத்துப்போனார்கள். இத்தனை வருடத்தில் இப்படிப் பேசிக்கொண்டதே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தைரியமும் வந்தது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

“குயிலி போன அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு சொன்னியே, அது நீயா சொன்னதா?”

“என்ன சொன்னேன்?”

நடிக்கவில்லை. அவன் முகத்தில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினாள்.

“எனக்கு ஞாபகம் இல்ல. காதுல வந்தத சொல்லியிருப்பேன்.”

“அப்ப உனக்குள்ள என்னதான் இருந்துச்சு?”

“பசிச்சுது.” உதட்டை நக்கிக்கொண்டான். “ரெண்டு நாளா நாம சாப்பிடல. பிள்ளைய வெள்ளத் துணியில சுத்தி வச்சிருக்காங்க, எனக்கு வயிறு கத்துது. அத உன்கிட்ட எப்படிடி சொல்லுவேன்?”

அவள் எழுந்து நடக்கத் தொடங்கினாள். அவன் பின்னாலேயே வந்தான். முதல் சொல்லைச் சொல்லிவிட்டவனுக்கு நிறுத்த முடியவில்லை. தடுமாறித் தடுமாறிப் பேசிக்கொண்டே வந்தான்.

“அவ இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும்ல. தூங்க வைக்கறப்ப அத நீவி நீவி விடுவேன். இப்பவும் முழிப்பு வந்து பாத்தா, தலகாணி ஓரத்த நீவிக்கிட்டு இருக்கேன். துணி கிழிஞ்சே போச்சு. வேற மாத்தவும் மனசு வரல... நின்னு கேளேன்.”

அவள் நிற்கவில்லை. அவளுடைய தலைக்குள் பசி என்ற ஒரே சொல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற எதுவும் அதைத் தாண்டி உள்ளே போகவில்லை. அவன் இன்னும் கொஞ்ச தூரம் பேசிப் பார்த்தான். பிறகு குரல் வறண்டு ஓய்ந்தது.

வெயில் சாயும் வேளையில் சுவர்கள் விலகிச் சமவெளி தெரிந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் இருவர் காதிலும் மெல்லிய ஓசை எழுந்தது. தொடர்பு திரும்பிவிட்டது. வழுதி அவள் பக்கம் திரும்பி, அரை நொடி காத்திருந்து, “உங்க துக்கத்துல பாதியக்கூட நான் சுமக்கலையேன்னு வெட்கமா இருக்கு” என்றான்.

எவ்வளவு அழகான வாக்கியம்! எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் அவள் கண்கள் நிறைந்தன. அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவன் விரல்கள் மடியில் அசையாமல் கிடந்தன.

ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி பணிவான குரலில் கேட்டது: “பயணத்தில் ஏதேனும் குறை உண்டா, அம்மா?”

“பள்ளத்துக்குள்ள தொடர்பே இல்ல” என்றாள் அவள், தலையை எடுக்காமல். “ஒரு அலைக்கம்பம் போடுங்க. வர்ற ஜனங்க பாவம்.”

“வேலை தொடங்கிவிட்டது அம்மா. இதுவரை இறங்கி வந்தவர்கள் எல்லோரும் கேட்டது அது ஒன்றைத்தான்.”